கிருஷ்ணகிரிக்குக் குடிவருகிறீர்களா? முதலில் தண்ணீரை விசாரியுங்கள்

வேலை மாற்றல், கல்லூரி, கல்யாணம், வியாபாரம் என்று ஏதோ ஒரு காரணத்தில் கிருஷ்ணகிரிக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பெங்களூர் வாடகை கட்டுப்படியாகாமல் ஓசூர் வந்து, ஓசூரும் விலையேறிப்போய் இங்கே வந்து சேர்கிறவர்களும் உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான். அதெல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் இந்த ஊரில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கிருஷ்ணகிரியில் பாதிக் குடித்தனம் நிம்மதியாகிவிடும்.

தெரியாதவர்களுக்கு ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கோட்டை உள்ள மலையின் அடிவாரத்தில் பழைய ஊர். அதைச் சுற்றி ஏரிகள். தெற்கே சில கிலோமீட்டர் போனால் தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1957இல் காமராஜர் திறந்து வைத்த கே.ஆர்.பி. அணை. அணைக்குக் கீழே ஆற்றங்கரையிலேயே காவேரிப்பட்டணம். பெயரில்தான் காவிரி இருக்கிறது, ஓடுவது தென்பெண்ணை. தருமபுரி மாவட்டத்தோடு இருந்த இந்தப் பகுதி 2004இல் தனி மாவட்டமானது. சேலம், பெங்களூர், சென்னை என்று எந்தப் பக்கம் போகிற லாரியும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகும்.

வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து பாருங்கள்

இங்கே ஒரு வீட்டுக்கு மூன்று விதமான தண்ணீர் வரும். ஒன்று, ‘ஒகேனக்கல் தண்ணீர்’ என்று எல்லோரும் சொல்லும் காவிரி நீர். இரண்டாவது, வீட்டு போர் தண்ணீர் அல்லது ஊர்ப் பொது போர் தண்ணீர். மூன்றாவது, காசு கொடுத்து வாங்கும் கேன். பார்க்கப் போகும் வீட்டில் எது எதற்குப் பயன்படுகிறது என்று வீட்டுக்காரரிடமும் கேளுங்கள், பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் நம்பலாம். வேறாக இருந்தால் அக்கா சொன்னதை நம்புங்கள். குழாய்க்குப் பக்கத்தில் குடத்தோடு நிற்பவர் அவர்தான்.

கேட்க வேண்டியதைக் கோவையாகச் சொல்கிறேன். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? விடியற்காலையில் வந்து அரை மணி நேரத்தில் நின்றுவிடும் தெருக்களும் உண்டு, அங்கே இரவு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர் தனியாகக் குடியிருந்தால் தண்ணீர் பிடிக்க ஆள் இருக்காது. தரைத்தொட்டி இருக்கிறதா? இருந்தால் உங்களுக்குத் தனியா, நான்கு குடித்தனத்துக்கும் சேர்த்தா? மேலே சின்டெக்ஸில் ஏறுவது போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? போர் எத்தனை அடி, கோடையில் வற்றுமா? கடைசியாக, ஏப்ரல் மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வந்தால் அந்தச் செலவு யார் தலையில்? இதை வாய்ப்பேச்சாக விடாமல் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது.

ஒகேனக்கல் தண்ணீரின் கதையைத் தெரிந்துகொண்டால், அது சில நாள் வராமல் போவது ஏன் என்றும் புரியும். ஜப்பான் நிதியுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் செலவில் கட்டிய கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது. 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒகேனக்கல்லில் காவிரியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் குழாயில் அனுப்புகிறார்கள். நம் குழாய்க்கு வந்து சேர அது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடக்க வேண்டும். வழியில் எங்காவது சாலை வேலையில் குழாய் உடைந்தாலும், நீரேற்று நிலையத்தில் கரண்ட் போனாலும், இங்கே முறை தள்ளிப்போகும். காவிரியில் வெள்ளம் புரண்டு ஓடுகிற நாளிலும் நம் தெருவில் தண்ணீர் வராமல் இருக்கலாம். இரண்டு மூன்று நாள் குடிக்கவும் சமைக்கவும் போதுமான அளவு மூடி வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருப்பது அதனால்தான்.

ஃப்ளோரைடு: இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்

அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டு மாவட்டங்களிலும் தரைக்கு அடியில் கருங்கல் பாறை. பாறையில் உள்ள ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. போர் ஆழமாகப் போகப் போக, தண்ணீர் பாறையோடு அதிக காலம் கிடந்திருப்பதால், பல இடங்களில் அளவும் கூடுகிறது. தருமபுரிப் பக்கம் கிராமங்களில் நடுத்தர வயதுக்காரர்கள் சிரிக்கும்போது பல்லில் பழுப்புக் கோடுகள் தெரிவதைப் பார்க்கலாம். சின்ன வயதில் குடித்த தண்ணீர் விட்டுச் சென்ற கறை அது. பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகிவிடும். அந்த நிலைக்குப் போனபின் மீட்பது கடினம்.

புதிதாக வருகிறவர்கள் இதில் மூன்று விஷயங்களில் ஏமாந்துவிடக் கூடாது என்பது என் கவலை.

முதலாவது, ருசி. ஃப்ளோரைடு கூடுதலாக உள்ள தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக, இனிப்பாகக்கூட இருக்கும். உப்புக் கரிக்கவில்லை, அதனால் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டாவது, கொதிக்க வைப்பது. கிருமிக்கு அது சரியான வழி. ஃப்ளோரைடு கொதித்தால் போகாது, ஆவியாகப் போன தண்ணீர் அளவுக்கு மிச்சத்தில் அடர்த்தி கூடத்தான் செய்யும். மூன்றாவது, ஆர்.ஓ. விற்க வருகிறவர் கையில் வைத்திருக்கும் சின்ன டி.டி.எஸ். மீட்டர். அது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டும் காட்டும். அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று காட்டாது. மீட்டரில் குறைவான எண் வந்துவிட்டது என்பதற்காகக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்துவிட முடியாது.

சரி, என்ன செய்வது? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரில் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. பொதுமக்களும் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். சுத்தமான இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். போர் மோட்டாரைப் போட்டு கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை இரண்டு மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடி, எங்கே எப்போது எடுத்தது என்று எழுதி ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கிருமிச் சோதனையும் வேண்டும் என்றால் அதற்குக் கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களிடமே முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். சீட்டு வந்ததும் ஃப்ளோரைடு என்ற வரியைப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. அதற்கு மேல் போனால் துவைக்க, குளிக்க, செடிக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க மட்டுமல்ல, சோறு வடிக்கவும் பருப்பு வேகவைக்கவும்கூட வேண்டாம்.

ஒகேனக்கல் இணைப்பு இருக்கும் ஊர்களிலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சில இடங்களில் மேல்நிலைத் தொட்டியில் காவிரி நீரோடு போர் தண்ணீரையும் கலந்து விடுகிறார்கள். கோடையில் பற்றாக்குறைக்கு அவர்களும் என்ன செய்வார்கள்? ஆனால் கலந்த தண்ணீரைத் தனித் தண்ணீர் என்று நினைத்துக் குடிக்கக் கூடாது. தொட்டியைத் திறந்துவிடும் ஆபரேட்டர் அண்ணனிடம் பணிவாகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். பால்குடி மறந்த குழந்தை முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த விசாரணை கட்டாயம். நிலைப்பற்கள் உள்ளே உருவாகும் வயது அது.

மழைத் தண்ணீர் போகும் பாதை

அணை உடைந்தால் என்ன ஆகும் என்று புதிதாக வருகிறவர்கள் பயப்படுகிறார்கள். நான் அதைவிட ஏரிகளைத்தான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனது. ஆற்றங்கரையில் இல்லை, ஊருக்கு நடுவில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். கடல் எங்கேயோ இருக்கிறது, புயல் நமக்கில்லை என்று இருந்தவர்களை உலுக்கிவிட்ட மழை அது.

நம் பக்கத்து ஏரிகள் சங்கிலி போல ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வெட்டியவை. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்த உபரி நீர் ஓடை வழியாகக் கீழ் ஏரிக்கு வரும். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த ஓடையில் தண்ணீரே ஓடாது. புல் முளைக்கும், பிறகு குப்பை சேரும், பிறகு மனை பிரித்து விற்பார்கள். பத்து ஆண்டுக்கு ஒரு முறை கனமழை வரும்போது தண்ணீருக்குத் தன் பழைய பாதை நினைவுக்கு வந்துவிடும்.

எனவே வீடு பார்க்கப் போகும்போது தெருவிலுள்ள வயதானவரிடம், “ஏரி கோடி போனா தண்ணி எந்தப் பக்கமுங்க வரும்?” என்று கேளுங்கள். விரலை நீட்டிக் காட்டுவார். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரக்கோடு இருக்கிறதா, அதன்மேல் மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். வாசற்படி சாலையைவிடத் தாழ்வாக இருந்தால், ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை இன்னும் உயரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மனை வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். பட்டா, புலப்பட வரைபடம் இரண்டையும் அரசின் இணையச் சேவையில் சர்வே எண் கொடுத்து எடுத்துவிடலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையத்தில் கிடைக்கும். நீங்கள் வாங்கும் எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், சுற்றியுள்ள நான்கு பக்கத்து எண்களையும் பாருங்கள். பக்கத்தில் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், ஏரி உள்வாய் (ஏரித் தண்ணீர் தேங்கும் இடம்) என்று ஏதாவது இருந்தால், விற்பவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் ஒரு மழைக்காலம் முடியும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு நாள் குடையோடு போய் அந்த மனையில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒப்பந்தம், கரண்ட், ரேஷன்

இவை எல்லா ஊருக்கும் பொதுவானவை, சுருக்கமாக முடிக்கிறேன். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் ஒவ்வொரு இணைப்புக்கும் உண்டு. இரண்டு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் அந்தச் சலுகையும் பங்காகிப் போகும், யூனிட் விலைப் படியும் ஏறும். மின் இணைப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் பில்லை நீங்களே சரிபார்க்கலாம். கரண்ட் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. ரேஷன் கார்டுக்கு முதலில் ஆதாரில் முகவரியை மாற்றி, அப்புறம் கார்டில் மாற்றுங்கள். வரிசையைத் திருப்பினால் இரட்டை அலைச்சல்.

அணைச் செய்தியை எப்படிப் படிப்பது

ஜூலை முதல் டிசம்பர் வரை உள்ளூர்ச் செய்தியில் தினமும் கே.ஆர்.பி. அணையின் நீர்மட்டம் வரும். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பயனுண்டு. அணையின் முழு உயரம் 52 அடி. 50ஐத் தாண்டியதும் கரையோர ஊர்களில் வெள்ள எச்சரிக்கைப் பேச்சு தொடங்கிவிடும். அப்புறம் நீர்வரத்து, நீர் வெளியேற்றம் என்று இரண்டு எண்கள், கனஅடியில். 1,000 கனஅடி என்றால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் இரண்டுக்கும் மேல் ஒவ்வொரு நொடியும் ஆற்றில் கவிழ்த்தால் அதுதான். அந்த எண் ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று போகும் நாளில் ஆற்றை எட்டிப் பார்க்கப் போகும் ஆசையை அடக்கிவிட வேண்டும்.

முக்கியமான நுணுக்கம் ஒன்று. நம் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வரும். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் ஓரமாக வந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையைத் தாண்டித்தான் நமக்கு வருகிறது. பெங்களூரில் மழை, கெலவரப்பள்ளியில் திறப்பு அதிகரிப்பு என்று செய்தி வந்தால், அடுத்து நம் அணைதான். பகல் முழுக்க வற்றிக் கிடந்த தரைப்பாலம் மாலையில் மூழ்கியிருக்கும். அணைக்குக் கீழே பூங்காவுக்குப் போகும் தரைப்பாலமும் அப்படி மூழ்குவதுண்டு. தண்டோரா, ஒலிபெருக்கி, வாட்ஸ்அப் எதில் எச்சரிக்கை வந்தாலும் அன்றைக்குக் கரையில் ஆடு மாடு கட்டாதீர்கள், துணி துவைக்கப் போகாதீர்கள், பைக்கில் தரைப்பாலத்தைத் தாண்டாதீர்கள். முழங்கால் அளவு ஓடுகிற தண்ணீரே வண்டியைத் தள்ளிவிடும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

பெங்களூரின் கழிவுநீர் இந்த ஆற்றில் கலக்கிறது என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த வேதனை. கெலவரப்பள்ளியில் தண்ணீர் திறக்கும்போது வெள்ளை நுரை மலையாகப் பொங்கிச் சாலை வரை வரும். குழந்தைகளுக்குப் பார்க்க அழகாகத் தெரியும். அதில் இறங்கிப் படம் எடுக்க விடாதீர்கள். தோல் அரிப்பும் கண் எரிச்சலும் மிச்சமாகும்.

அணையின் வலது, இடது கால்வாய்கள் 9,000 ஏக்கருக்கு மேல் நிலத்துக்குப் பாய்கின்றன. வழக்கமாக ஜூலையில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். அதுவரை பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய காய்ந்த கால்வாய் ஒரே நாளில் ஆழமாகிவிடும். கால்வாய்க் கரையில் குடியிருப்பவர்கள் திறப்பு நாளைத் தெரிந்து பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நீர்த்தேக்கத்தில் குளிப்பது கூடவே கூடாது. மேலே அமைதியாக இருக்கும், கீழே சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். நீச்சல் தெரிந்த இளைஞர்களையே ஒவ்வொரு ஆண்டும் இழக்கிறோம். படகில் போக ஆசை என்றால் தருமபுரி சாலையில் அவதானப்பட்டி ஏரியில் படகு இல்லம் இருக்கிறது, அங்கே போங்கள்.

பஸ்ஸில் ஏறும் முன் ஒரு கேள்வி

கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர்தான், ஆனால் ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. சென்னை ரயிலுக்கு ஜோலார்பேட்டை, சேலம் பெங்களூர்ப் பாதைக்குத் தருமபுரி அல்லது ஓசூர், ஆந்திரப் பக்கம் என்றால் குப்பம். மற்றபடி எல்லாம் பஸ்தான். நெடுஞ்சாலையில் பறக்கும் நெடுந்தூர பஸ்கள் பல ஊருக்குள் வராமல் மேம்பாலத்திலோ டோல்கேட்டிலோ இறக்கிவிட்டுப் போய்விடும். ராத்திரி பதினோரு மணிக்குப் பையோடும் குழந்தையோடும் பைபாஸில் நிற்க வேண்டாம் என்றால், டிக்கெட் எடுக்கும் முன் கண்டக்டரிடம், “ஊருக்குள்ள பஸ் ஸ்டாண்ட் போகுமா, பைபாஸா?” என்று கேட்டுவிடுங்கள். காவேரிப்பட்டணத்துக்கும் தருமபுரிக்கும் இதே கேள்விதான்.

சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை அடிக்கடி தாண்ட வேண்டியிருந்தால், 20 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கான மாதாந்திரப் பாஸ் வாங்கிக்கொள்ளலாம். முகவரிச் சான்று கேட்பார்கள், அதற்கும் ஆதார் முகவரியை முதலில் மாற்றியிருக்க வேண்டும். தருமபுரி தாண்டிச் சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எந்த லாரிக்கும் முன்னால் போய் ஒட்டாதீர்கள். பாரம் ஏற்றிய வண்டிக்குப் பிரேக் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகள் அங்கே ஏராளம்.

காய்ச்சல் வந்தால்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள் இல்லை, போலுப்பள்ளியில் இருக்கிறது. 2022இல் திறந்தது. அவசரத்தில் ஆட்டோக்காரரிடம் வெறுமனே ‘பெரியாஸ்பத்திரி’ என்று சொல்லாமல் இடத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் எல்லோர் வீட்டிலும் டிரம், அண்டா, தொட்டி இருக்கும். டெங்கு கொசு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில்தான். பாத்திரத்தைக் காலி செய்தால் மட்டும் போதாது, முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். வாரம் ஒரு நாள் தேங்காய் நாரால் உட்புறம் தேய்த்துக் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள், துணி கட்டி மூடுங்கள். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை வாசல் கழுவும்போதே டிரம்மையும் தேய்த்துவிடுவார்கள். நாள் மறக்காமல் இருக்க நல்ல ஏற்பாடு.

மாங்காய், சந்தை, மீன்

இனிப்பான பகுதிக்கு வந்துவிட்டோம். ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை இந்த ஊர் மாம்பழ வாசனையில்தான் இருக்கும். செந்தூராவும் பீத்தரும் முதலில் வரும். பிறகு அல்போன்சா, பங்கனப்பள்ளி, மல்கோவா, இமாம்பசந்த். கடைசியில் நீலம். கிளிமூக்கு என்று சொல்லும் பெங்களூராதான் தோட்டங்களில் அதிகம், மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போவதும் அதுதான். சாப்பிட வாங்குகிறவர்கள் சாலையோரத்தில் பளபளக்கும் மஞ்சளைப் பார்த்து மயங்காமல், தெரிந்த தோட்டக்காரரிடம் முதிர்ந்த காயாக வாங்கி வைக்கோலில் பழுக்க வையுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுத்தது தோலெல்லாம் ஒரே மஞ்சளாக இருக்கும், காம்படியில் மணம் இருக்காது.

பருவத்தில் விலை நிலவரத்தையும் கவனியுங்கள். 2025இல் பெங்களூரா விலை அடிமாட்டு விலைக்கு விழுந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். அப்படிப்பட்ட நாட்களில் தோட்டத்துக்கே போய் நாலு பெட்டி வாங்கி ஊறுகாயும் மாங்காய் வற்றலும் போட்டு, உறவுக்காரர்களுக்கும் அனுப்புங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள். ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியை ஒரு முறையாவது குடும்பத்தோடு பாருங்கள், பெயர் தெரியாத ரகங்களை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். வீட்டில் கன்று நட ஆசை என்றால் சந்தூர்ப் பக்கம் நாற்றுப் பண்ணைகள் வரிசையாக இருக்கின்றன.

சந்தைக்குப் போக விரும்பினால் வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி, ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி. இரண்டிலும் ஆடுதான் பிரதானம், பண்டிகைக்கு முந்தைய வாரம் கால் வைக்க இடம் இருக்காது. தக்காளி என்றால் ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகள். ராகி மாவை மட்டும் பாக்கெட்டில் வாங்காமல், ராகியாக வாங்கிக் கழுவிக் காயவைத்து மில்லில் அரையுங்கள். களியின் ருசியே வேறு.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்தால் அணைப் பக்கம் மீன் வறுவல் சாப்பிடக் கூட்டிப் போவது ஊர் வழக்கம். கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் கிடைக்கும். மீன் கிலோ விலை என்ன, வெட்டி வறுத்துக் கொடுக்க எவ்வளவு என்று இரண்டையும் முதலிலேயே தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து, எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

தை முதல் மாசி, பங்குனி வரை சுற்றுவட்டாரக் கிராமங்களில் எருது விடும் விழா நடக்கும். பார்க்கப் போனால் தடுப்புக்கு வெளியே, திரும்பி ஓட இடம் உள்ள பக்கமாக நில்லுங்கள், சின்னப் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னே போகாதீர்கள். சிவராத்திரியை ஒட்டிக் காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளைத் திருவிழா. அன்றைக்கு அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்கள் மாற்றுப் பாதை பார்த்து வைக்க வேண்டும். ராகி அறுவடைக் காலத்தில் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கக் காட்டோரச் சாலைகளில் யானைக் கூட்டம் நடமாடும். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் இருசக்கர வண்டியில் போகாமல் இருப்பது நல்லது.

குறை இருந்தால் யாரிடம் சொல்வது

தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு எரியவில்லை என்றால் முதலில் வார்டு கவுன்சிலர். நகராட்சியில் 33 வார்டுகள், உங்கள் வார்டு எண்ணை வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். அவரிடம் சொல்லியும் நடக்கவில்லை என்றால் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100லும் பதியலாம். அதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தெருவின் பெயர், வார்டு எண், எத்தனை வீடுகளுக்குப் பாதிப்பு, எந்தத் தேதியிலிருந்து தண்ணீர் வரவில்லை, முன்பு யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்பதை எழுதுங்கள். ‘பல நாட்களாக’ என்று எழுதுவதைவிட, எந்தெந்தத் தேதியில் முறை வர வேண்டியது, எந்தத் தேதியில் வரவில்லை என்று பட்டியல் போட்டால் அதிகாரி தட்டிக்கழிக்க முடியாது. அதற்குத்தான் சமையலறைக் காலண்டரில் தண்ணீர் வந்த நாளையெல்லாம் வட்டமிட்டு வையுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்கிறேன். தெருவில் பத்துப் பேராவது கையெழுத்துப் போடட்டும், வாடகைக்கு இருப்பவர்களும் போடலாம். மனுவை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரிசையை விட்டு வராதீர்கள். சீட்டில் உள்ள எண்ணை வைத்து மனு எந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறது என்று பிறகு கேட்கலாம். அந்த அலுவலகத்துக்கு நேரில் போகும்போது நகலையும் சீட்டையும் காலண்டர் தாளையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.